முதலாளி யார், ஆசிரியர் யார்: வணிக இதழ்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு வணிக இதழில் பதினொரு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். அந்த வேலையை விட்ட பிறகு, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமைகளில் மயிலாப்பூரில் ஒரு சிறிய கூடத்தில், சேமிப்பைப் பங்குச் சந்தையில் போட்டுவைத்திருக்கும் ஓய்வு பெற்றவர்களோடும் இதழியல் படிக்கும் மாணவர்களோடும் பேசி வருகிறேன். தலைப்பு எதுவானாலும், காபி வருவதற்குள் பேச்சு ஒரே இடத்துக்கு வந்துவிடும்: இந்தப் பத்திரிகை யாருடையது, இதில் வருவதை எந்த அளவுக்கு நம்பலாம்? திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். முன்பு சொன்னதை மறுபடியும் சொல்லாமல் அந்தந்தப் பதிலைப் பார்க்கச் சொல்லியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. "பணம் போட்டவர் ஓனர். அப்புறம் எடிட்டருக்கு என்ன தனி சுதந்திரம்? அது சும்மா பேச்சுதானே சார்?"

சும்மா பேச்சாக இருந்தால் சட்டம் அதைக் கண்டுகொண்டிருக்காது. ஓர் இதழில் எது வெளியாக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவரே ஆசிரியர் என்று 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம் வரையறுத்தது. அவருடைய பெயரை ஒவ்வோர் இதழிலும் அச்சிட வேண்டும் என்றும் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 மார்ச் 1 முதல், 2023இல் நிறைவேறிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இதழின் ஓரத்தில், கண்ணை இடுக்கினால் மட்டுமே படிக்க முடிகிற அந்த நான்கு வரிகளில் 'ஆசிரியர்' என்று போட்டிருக்கும் பெயரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு நிறுவனம் அவதூறு வழக்குத் தொடர்ந்தால் எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ நீதிமன்றப் படியேற வேண்டியவர்களில் முதல் ஆள் அவர்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

வழக்கு யார் தலையில் விழுமோ, எதைப் போடுவது என்ற முடிவும் அவரிடமே இருக்க வேண்டும் என்பதைத்தான் ஆசிரியர் குழுவின் சுதந்திரம் என்கிறோம். இதழின் விலை, பக்க எண்ணிக்கை, எத்தனை பேரை வேலைக்கு வைப்பது, எந்த ஊரில் கிளை திறப்பது ஆகியவை உரிமையாளரின் முடிவுகள். எந்த நிறுவனத்தைப் பற்றி எழுதுவது, என்ன தலைப்பு வைப்பது, எந்த வாரம் போடுவது ஆகியவை ஆசிரியரின் முடிவுகள். எல்லைக்கோடு காகிதத்தில் இவ்வளவு நேராகத்தான் இருக்கும். அலுவலகத்தில் அது எப்படி வளைகிறது என்பது ஐந்தாவது பதிலில் வருகிறது.

2. "ஓனர் யாருன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? அட்டையில போடறதில்லையே?"

அட்டையில் இருக்காது, பழைய மார்ச் மாதங்களின் முதல் இதழ்களைப் புரட்டினால் கிடைத்துவிடும். 1956ஆம் ஆண்டின் விதிகளின்படி, பிப்ரவரி கடைசி நாளுக்குப் பின் வரும் முதல் இதழில் 'படிவம் 4' என்ற அறிக்கையைப் பத்திரிகைகள் அச்சிட்டு வந்தன. வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களோடு, மொத்த மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் பங்குதாரர்களின் பெயர்களும் அதில் இருக்க வேண்டியிருந்தது. நூலகத்தில் பழைய இதழ்களின் தொகுப்பு கிடைத்தால், ஐந்தாறு ஆண்டுகளின் மார்ச் இதழ்களை மட்டும் எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பங்குதாரர் பட்டியலில் ஒரு பெயர் உதிர்ந்து வேறொரு பெயர் முளைத்திருப்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டியலில் மனிதர்களின் பெயருக்குப் பதில் நிறுவனங்களின் பெயர்களே பெரும்பாலும் இருக்கும். அந்த நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வைத்திருக்கும், அதற்கு மூன்றாவது ஒன்று கடன் கொடுத்திருக்கும். நூலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். இதழை நடத்தும் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால் காலாண்டுதோறும் பங்குதாரர் விவரம் சந்தையின் தளத்தில் வரும். இல்லையென்றால் கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் தளத்தில் கட்டணம் செலுத்தி ஆண்டறிக்கையைப் பார்க்கலாம்.

கடன் என்று ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், என்டிடிவி கை மாறியதே ஒரு பழைய கடன் வழியாகத்தான். நிறுவனர்களின் பங்குகளை வைத்திருந்த ஹோல்டிங் கம்பெனிக்கு 2009-10இல் விஷ்வபிரதான் கமர்ஷியல் என்ற நிறுவனம் 403.85 கோடி ரூபாய் கொடுத்திருந்தது. அதைப் பங்குகளாக மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதோடு சேர்ந்திருந்தது. 2022 ஆகஸ்டில் அந்த விஷ்வபிரதானை அதானி குழுமம் வாங்கி, அந்த உரிமையைப் பயன்படுத்தி, 29.18 சதவீதப் பங்குக்கு உரிமை கோரியது. ஆண்டு முடிவதற்குள் நிறுவனர்களும் தங்கள் பங்குகளில் பெரும்பகுதியை விற்றுவிட, குழுமத்தின் கையில் சுமார் 65 சதவீதம் சேர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக அந்தக் கடன் கணக்கேட்டில் இருந்தது. தொலைக்காட்சியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் கணக்கேட்டைப் பார்த்தோம்?

3. "சரி, நம்ம நாட்டு பிசினஸ் மேகசின் எல்லாம் இப்போ யார்கிட்ட இருக்கு?"

எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் பட்டியலாகிவிடும். நிலவரம் புரிவதற்குச் சில போதும். ஃபோர்ப்ஸ் இந்தியாவை வெளியிடுவது நெட்வொர்க்18. அது 2014இல் ரிலையன்ஸ் வசமானது. பிசினஸ் டுடேயை வெளியிடும் லிவிங் மீடியாவில் 2012இல் ஆதித்ய பிர்லா குழுமத் தலைவரின் முதலீட்டு நிறுவனம் 27.5 சதவீதம் வாங்கியது. அவுட்லுக் பிசினஸ், சிமெண்ட் உட்படப் பல தொழில்களில் இருக்கும் ரஹேஜா குழுமத்தால் தொடங்கப்பட்டது. நம் ஊரில், 1994 ஜனவரி 28 முதல் வரும் பிசினஸ்லைன் நாளிதழ் தி இந்து குழுமத்தினுடையது. தமிழில் நாணயம் விகடன், விகடன் குழுமத்தினுடையது. பத்திரிகைத் தொழிலே முதன்மைத் தொழிலாக இருக்கும் வீட்டுக்கும், பத்து தொழில்களோடு பதினொன்றாவதாகப் பத்திரிகை நடத்தும் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். சிமெண்ட், தொலைபேசி, எண்ணெய் ஆகியவற்றைப் பற்றியே வாரம் தோறும் எழுத வேண்டிய ஓர் இதழுக்கு அந்த வேறுபாடு பெரியது.

4. "பெரிய தொழிலதிபர் வாங்கிட்டா அந்தப் பத்திரிகை அவ்வளவுதானா? சந்தாவை நிறுத்திடலாமா?"

அவசரப்பட வேண்டாம். பங்கு எத்தனை சதவீதம் என்பதைக் காட்டிலும் நான் முதலில் கேட்பது வேறொன்று: ஆசிரியரை யார் நீக்கலாம், எந்த வழிமுறையில் நீக்கலாம்? உரிமையாளர் மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பில் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்ப முடியும் என்றால், அவர் ஐந்து சதவீதம் வைத்திருந்தாலும் ஐம்பது வைத்திருந்தாலும் ஒன்றுதான்.

இந்தக் கேள்விக்கு நான் பார்த்த நல்ல விடை லண்டனின் தி எகனாமிஸ்ட். அதன் பங்குகளில் பாதியை வைத்திருந்த பியர்சன் 2015இல் வெளியேறியபோது, இத்தாலியின் அன்யெல்லி குடும்பத்து எக்ஸோர் நிறுவனத்தின் பங்கு 43.4 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் பங்கு எவ்வளவு இருந்தாலும் எந்தத் தனிப் பங்குதாரரும் 20 சதவீதத்துக்கு மேல் வாக்களிக்க முடியாது என்று அப்போது விதி செய்துகொண்டார்கள். ஆசிரியரை நியமிப்பதற்குச் சுயேச்சையான அறங்காவலர்களின் ஒப்புதல் வேண்டும் என்பது ஏற்கெனவே இருந்தது.

எழுதிவைத்தாலும் நடக்காமல் போவதுண்டு. 2007இல் நியூஸ் கார்ப்பரேஷன் சுமார் 500 கோடி டாலருக்கு வால் ஸ்ட்ரீட் ஜர்னலை வெளியிடும் டவ் ஜோன்ஸை வாங்கியபோது, அந்த நாளிதழின் தலைமை ஆசிரியரை நீக்குவதற்கு ஒரு சிறப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2008 ஏப்ரலில் அந்த ஆசிரியர் பதவி விலகினார். நீக்கவில்லை, 'விலகினார்'. குழுவுக்கு விஷயம் தெரிந்தபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது. தங்களிடம் முன்கூட்டியே சொல்லவில்லை என்று குழுவினர் வருத்தம் தெரிவித்ததோடு சரி. விதியில் 'நீக்கம்' என்ற சொல் இருக்கும் வரை, யாரும் யாரையும் நீக்க மாட்டார்கள் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

5. "முதலாளி நிஜமாவே போன் போட்டு 'இந்த மேட்டரைப் போடாதே'ன்னு சொல்வாரா?"

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் வேலை பார்த்த பதினொரு ஆண்டுகளில் அப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வந்து நான் பார்த்ததில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். செவ்வாய் இரவு இதழ் முடிக்க வேண்டும். எங்கள் செய்தியாளர் ஒருவர் மாதவரம், செங்குன்றம் பக்கம் சிமெண்ட் வியாபாரிகளிடம் இரண்டு வாரம் அலைந்து, நிலக்கரி விலையைக் காரணம் காட்டி ஒரே காலாண்டில் மூட்டை விலையை ஆலைகள் மூன்று முறை ஏற்றியிருப்பதையும், மூன்று முறையும் எல்லா ஆலைகளும் ஏறக்குறைய ஒரே நாளில் ஏற்றியிருப்பதையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் உரிமையாளருக்குச் சிமெண்ட் ஆலை கிடையாது. ஆனால் அவருடைய குழுமத்தின் நிதி நிறுவனம், அந்த ஆலைகளில் ஒன்றுக்குக் கடன் கொடுத்திருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

எட்டரை மணிக்கு ஆசிரியர் பக்கப் பிரதியை மேசை மேல் விரித்து வைத்து, மூன்றாவது பத்தியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். "இதுக்கு இன்னொரு சோர்ஸ் வேணும்பா. அவசரம் இல்லை, அடுத்த இதழ்ல பார்த்துக்கலாம்" என்றார். அந்த வாக்கியத்தில் எங்கே குற்றம் காண்பது? இன்னொரு ஆதாரம் கேட்பது ஆசிரியரின் வேலை. நானே புதியவர்களிடம் நூறு முறை அதைக் கேட்டிருக்கிறேன். காலியான இரண்டு பக்கங்களில், கொய்யாப்பழச் சாறு ஏற்றுமதி செய்யும் ஒரு சிறுதொழில் முனைவோரைப் பற்றிய கட்டுரையை நான்தான் எடுத்துப் போட்டேன். பத்தரைக்கு இதழ் முடிந்தது. எல்லோரும் கீழே போய்ப் பரோட்டா சாப்பிட்டோம்.

அந்த இரவைக் காட்டிலும் அதற்குப் பின் வந்த மாதங்களே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அந்தச் செய்தியாளர் அதன் பிறகு திங்கட்கிழமைக் கூட்டத்தில் சிமெண்ட் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. எந்தெந்தத் துறையைத் தொட வேண்டாம் என்று எழுதாத ஒரு பட்டியல் எங்கள் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் பட்டியலும் அதேதான் என்பது வேலையை விட்ட பிறகு பேசும்போதுதான் தெரிந்தது. அப்படிப் பார்த்தால், முதலாளிக்குத் தொலைபேசிச் செலவே கிடையாது.

6. "குடும்பமே நடத்துற பத்திரிகைன்னா பரவாயில்லையா? நம்ம மவுண்ட் ரோடு பேப்பர் மாதிரி?"

வேறு தொழில் இல்லாத குடும்பம் என்றால் மூன்றாவது பதிலில் சொன்ன ஆபத்து குறையும். உரசல் குறையாது. நீங்கள் சொல்லும் மவுண்ட் ரோடு பேப்பரான தி இந்துவை 1878இல் சென்னையில் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் அதன் ஆசிரியர்; வீரராகவாச்சாரியார் நிர்வாகத்தைப் பார்த்தவர். விதவை மறுமணம் போன்ற சீர்திருத்தங்களில் ஐயர் விட்டுக்கொடுக்காமல் எழுதியது பத்திரிகையின் வருவாயைப் பாதிக்கிறது என்ற மனக்கசப்பும் சேர்ந்து, 1898இல் கூட்டு முறிந்தது. ஐயர் தாம் முன்பே தொடங்கியிருந்த சுதேசமித்திரனோடு போய்விட்டார். 1905இல் வழக்கறிஞர் கஸ்தூரி ரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு தி இந்துவை வாங்கினார். ஆசிரியருக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் இடையிலான சண்டை நம் ஊருக்குக் கார்ப்பரேட் காலத்தில் வந்து சேர்ந்த ஒன்றல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதே நிறுவனத்தில் 2011இல் குடும்பத்தைச் சேராத ஒருவர் ஆசிரியரானார். 2013 அக்டோபரில், ஆசிரியர் பொறுப்பைக் குடும்பத்தினரே மீண்டும் ஏற்பது என்று இயக்குநர் குழு முடிவு செய்தது, அவர் விலகினார். சரியா தவறா என்று பங்காளிகளே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்ற விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நான்காவது பதிலில் கேட்ட கேள்வியை மட்டும் இங்கேயும் கேட்டுப் பாருங்கள்: அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் எங்கே இருந்தது?

7. "அப்போ டிரஸ்ட் வெச்சு நடத்திட்டா பிரச்சினையே இல்லைதானே?"

டிரஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட வேண்டியதில்லை. நெட்வொர்க்18ஐ ரிலையன்ஸ் வசப்படுத்தியதே ஒரு டிரஸ்ட் மூலமாகத்தான்; அதன் ஒரே பயனாளி ரிலையன்ஸ். அந்த டிரஸ்டின் பெயர் 'இண்டிபெண்டன்ட் மீடியா டிரஸ்ட்', அதாவது சுதந்திர ஊடக அறக்கட்டளை. பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருக்க வேண்டும்.

உண்மையிலேயே லாப நோக்கமற்ற டிரஸ்ட் என்றாலும் பயம் இருக்கும். மும்பையிலிருந்து வரும் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியை நடத்துவது சமீக்ஷா டிரஸ்ட். 2017இல் அதானி குழுமத்தைப் பற்றி அந்த இதழில் வந்த கட்டுரைகளுக்காக வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. கட்டுரைகளை நீக்கும்படி அறங்காவலர்கள் சொன்னார்கள். 2017 ஜூலையில் ஆசிரியர் பரஞ்சாய் குஹா தாகுர்தா விலகினார். தங்களைக் கேட்காமலேயே டிரஸ்டின் பெயரால் ஆசிரியர் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பிவிட்டார் என்பது அறங்காவலர்களின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருந்தாலும், முதலாளி என்று ஒருவரும் இல்லாத இடத்தில் ஒரு நோட்டீஸ் போதுமானதாக இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வழக்கு நடத்தப் பணம் இல்லாத சுதந்திரம் நோட்டீஸ் வரும் வரைக்கும்தான்.

8. "ஓனரை விடுங்க சார், விளம்பரம் கொடுக்கிறவன்தான் பெரிய ஓனர். இல்லையா?"

பாதி உண்மை. விளம்பரதாரர் கோபித்துக்கொண்டால் ஒரு காலாண்டு வருமானம் போகும். உரிமையாளர் கோபித்துக்கொண்டால் நாற்காலி போகும். ஆனாலும் வணிக இதழில் நிலைமை விசேஷமானது, ஏனெனில் எதைப் பற்றி எழுதுகிறோமோ அதே நிறுவனங்கள்தாம் விளம்பரமும் தருகின்றன. சமையல் இதழில் கத்திரிக்காய் விளம்பரம் கொடுப்பதில்லை. பக்க விளம்பரம் குறைந்த பிறகு, விருது விழாக்களும் மாநாடுகளும் வருமானத்தின் பெரும் பகுதியாகிவிட்டன. நட்சத்திர ஹோட்டலில் 'ஆண்டின் சிறந்த தலைமைச் செயல் அதிகாரி' விருது வாங்குபவரின் நிறுவனமே விழாவுக்கும் ஆதரவாளர் என்றால், அடுத்த மாதம் அவருடைய ஆண்டறிக்கையை யார் துருவிப் படிப்பது?

இதைக் காட்டிலும் நேரடியான ஒன்று 2005 வாக்கில் தொடங்கியது: விளம்பரத்துக்குப் பணம் வாங்காமல், நிறுவனத்தின் பங்குகளையே வாங்கிக்கொள்ளும் 'பிரைவேட் ட்ரீட்டி' ஒப்பந்தம். டைம்ஸ் குழுமம் வழிகாட்ட, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இந்த ஏற்பாட்டில் பத்திரிகைதான் நிறுவனத்தின் பங்குதாரர். அந்த நிறுவனத்தைப் பற்றி நல்லபடியாக எழுதினால் தன் சொத்தின் மதிப்பே உயரும். முதலீட்டாளர்கள் ஏமாறக்கூடும் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2009இல் பத்திரிகை கவுன்சிலுக்கு எழுதியது. 2010 முதல், பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தைப் பற்றிச் செய்தி போடும்போது அந்தச் செய்தியிலேயே அதைச் சொல்ல வேண்டும், எத்தனை சதவீதம் என்பதைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்ற நெறி வந்தது. கடைசியாக எப்போது அப்படி ஒரு குறிப்பைப் பார்த்தீர்கள் என்று கூட்டத்தில் கேட்பேன். இது வரை இரண்டு கைகள் உயர்ந்திருக்கின்றன.

9. "சொந்த குரூப் கம்பெனியைப் பத்தி எழுத வேண்டி வந்தா நேர்மையான பத்திரிகை என்ன செய்யணும்?"

எழுத வேண்டும், உறவைச் சொல்லிவிட்டு எழுத வேண்டும்: 'இந்த இதழை வெளியிடும் நிறுவனம் அதே குழுமத்தைச் சேர்ந்தது' என்று ஒரு வரி. கட்டுரைக்குள்ளேயே, மற்ற எழுத்துகளின் அளவில். எழுதாமல் விடுவதும் ஒரு வழிதான், ஆனால் அதற்கு விலை உண்டு. மைக்கேல் புளூம்பெர்க் 2019 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலில் இறங்கியபோது, புளூம்பெர்க் செய்தி நிறுவனம் அவரைப் பற்றிப் புலனாய்வு செய்வதில்லை என்றும், அவரோடு ஜனநாயகக் கட்சியில் போட்டியிடுபவர்களைப் பற்றியும் செய்வதில்லை என்றும் அறிவித்தது. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்று நினைத்துத்தான் செய்தார்கள்; ஆனால் உரிமையாளர் ஒருவருக்காக ஒரு கட்சியின் வேட்பாளர்கள் எல்லோரும் அந்தச் செய்தி நிறுவனத்தின் புலனாய்விலிருந்து தப்பித்தார்கள்.

10. "பிரஸ் கவுன்சில்னு ஒண்ணு இருக்கே, அது கேட்காதா?"

கேட்கும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்பில் இல்லை. காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவதைப் பற்றி அதன் துணைக்குழு 2010இல் பெயர்களோடு கொடுத்த அறிக்கையை அந்தக் கவுன்சிலே முழுமையாக வெளியிடவில்லை. மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு 2011இல்தான் வந்தது. பதிப்பாளர்களும் கவுன்சிலில் உறுப்பினர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஆச்சரியம் குறையும்.

11. "ஓனருக்கும் கருத்துச் சுதந்திரம் உண்டு இல்லையா? அவர் பத்திரிகை, அவர் கருத்து. இதுல என்ன தப்பு?"

ஒரு சட்டக் கல்லூரி மாணவி கேட்டது. இன்று வரை இதற்கு நான் முழுத் திருப்தியோடு பதில் சொன்னதில்லை. அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவில் பத்திரிகை என்ற சொல்லே கிடையாது. குடிமக்களின் பேச்சுரிமையிலிருந்துதான் பத்திரிகைச் சுதந்திரம் பிறக்கிறது. பக்கத்துக்கு இவ்வளவு விலை என்று அரசு நிர்ணயித்தது செல்லாது என்று 1961இல் சகால் வழக்கிலும், பக்க எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது செல்லாது என்று 1972இல் பென்னட் கோல்மன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டிலும் வழக்குக்கு வந்தவர்களில் பத்திரிகையை நடத்தும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே அந்த மாணவி சொன்னதில் அடிப்படை இருக்கிறது: அரசுக்கு எதிராக நிற்கும்போது உரிமையாளரும் ஆசிரியரும் ஒரே கட்சி.

என் பதில் இவ்வளவுதான். உரிமையாளர் தன் கருத்தைத் தன் பெயரில், தன் கையொப்பத்தோடு தாராளமாக எழுதட்டும். அதை நான் விரும்பிப் படிப்பேன். என் எதிர்ப்பு, அவருடைய கருத்து செய்தியாளரின் பெயரில் வருவதற்கும், சிமெண்ட் கட்டுரையைப் போல யாருடைய பெயரிலும் வராமல் போவதற்கும். வாசகர் விலை கொடுப்பது ஆசிரியரின் தீர்ப்புக்கு என்று நம்பித்தான். அரசு தலையிட்டு இதைச் சரிசெய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த மாணவியின் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

12. "எடிட்டரே பங்கு வாங்கி வெச்சிருந்தா? அதை யாரும் கேட்கிறதில்லையே?"

கேட்க வேண்டிய கேள்வி. உரிமையாளரையே பேசிக்கொண்டிருக்கும் நாங்கள், எங்கள் சொந்தப் பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கை மறந்துவிடுகிறோம். வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் சந்தைப் பத்தி எழுதி வந்த ஒருவர், நாளை எந்தப் பங்கைப் பற்றி எழுதப் போகிறார் என்பதை ஒரு தரகருக்கு முன்கூட்டியே சொல்லிப் பணம் பார்த்தது 1984இல் வெளியானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் அவருக்கான தண்டனையை உறுதி செய்தது. இங்கே 2021 ஜனவரியில், ஒரு வணிகத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் மறுநாள் நிகழ்ச்சியில் பரிந்துரைக்கவிருந்த பங்குகளைக் குடும்பத்தினர் கணக்குகளில் முந்தைய நாளே வாங்கியதாகச் சொல்லி, அவரைச் சந்தையிலிருந்து விலக்கிவைத்து செபி இடைக்கால உத்தரவு போட்டது. ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் பங்குகளை ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி உள்ள இதழை, இல்லாத இதழைக் காட்டிலும் அதிகமாக நம்புவேன். நான் வேலை பார்த்த இடத்தில் அந்தப் படிவம் இருந்தது. பதினொரு ஆண்டில் இரண்டு முறை கேட்டு வாங்கினார்கள்.

13. "எனக்கு இதெல்லாம் ஆராய நேரமில்லை. சந்தா கட்டுறவன் எதைப் பார்த்தாப் போதும்?"

படிப்பதோடு, வராததையும் கவனியுங்கள். உங்கள் இதழின் உரிமையாளர் குழுமத்தில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லாபம் விழுந்த காலாண்டு, தணிக்கையாளர் விலகிய மாதம், செபி நோட்டீஸ் வந்த நாள் ஆகியவை பங்குச் சந்தையின் தளத்திலேயே இருக்கும். அந்தத் தேதிகளுக்கு அடுத்து வந்த இதழ்களில் அதைப் பற்றி என்ன வந்தது என்று பாருங்கள். அதே துறையில் போட்டி நிறுவனத்துக்கு அதே நிலை வந்தபோது எத்தனை பக்கம் போட்டார்கள் என்பதையும் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இதைப் பழைய டைரியில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதி வருகிறார். இடப் பக்கம் சந்தை அறிவிப்பு, வலப் பக்கம் இதழில் வந்தது. வலப் பக்கம் காலியாகவே இருக்கும் ஒரு குழுமத்தின் பங்குகளை விற்றுவிட்டாரா என்று கேட்டேன். "பங்கை விக்கலை, பத்திரிகையை மாத்திட்டேன்" என்றார்.

14. "அந்த சிமெண்ட் ஸ்டோரி கடைசியில வந்துச்சா, வரலையா?"

வந்தது. நான்கு இதழ்கள் கழித்து, மூட்டை விலை இறங்கத் தொடங்கிய பிறகு, இரண்டு பக்கம் ஒரு பக்கமாகச் சுருங்கி வந்தது. பென்சில் வட்டம் போட்ட மூன்றாவது பத்தி அதில் இல்லை. இன்னொரு ஆதாரம் கிடைக்காமல் போகவில்லை: மாதவரத்து வியாபாரி ஒருவர் மூன்று ஆலைகளின் விலைச் சீட்டு நகல்களையே கொடுத்திருந்தார், செய்தியாளர் அவற்றை என்னிடம்தான் தந்தார். நான் ஆசிரியரிடம் காட்டினேன், அவர் "வெச்சிரு" என்றார். வேலையை விட்ட அன்று மேசையைக் காலி செய்தபோது அவை இழுப்பறையின் அடியில், ஒரு பழைய பட்ஜெட் சிறப்பிதழுக்குக் கீழே இருந்தன. எடுத்துப் பார்த்தேன், அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.